ஆறு அறுத்ததால் மலை எழுந்ததா?
திபெத்தில் சாங்போ ஆறு (பிரம்மபுத்திராவின் மேற்பகுதி) பாறையை அறுத்து நிலத்தின் மேலிருந்த பாரத்தைக் குறைத்ததால்தான், இமயமலையின் கிழக்கு மூலையில் 7,782 மீட்டர் நாம்சா பார்வா மலை எழுந்தது என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுவதை ஏற்க முடியவில்லை. மலையருகே ஆறு அறுத்த பள்ளத்தாக்குக்கு மேற்கே, ஆறு வரும் பக்கத்தில், ஆற்றுப்படுகையைத் துளையிட்டவர்கள், 500 மீட்டருக்கும் அதிகமான வண்டலுக்கு அடியில் பழைய பள்ளத்தாக்கு ஒன்று புதைந்து கிடப்பதை 2014-இல் வெளியிட்டார்கள். சுமார் 20 முதல் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மலை எழும்பி ஆற்றை மறித்திருக்கிறது. மறித்த இடத்துக்கு மேலே வண்டல் தேங்கியது, அதற்குக் கீழே ஆறு செங்குத்தானது. ஆக, இந்தியத் தட்டின் (இந்தியாவைச் சுமந்து வடக்கே நகரும் பாறைத் தட்டு) எல்லை வளையும் அந்த மூலையில் தொடங்கி வைத்தது தட்டுதான். அதற்காக, முந்தைய கருத்தில் ஒருவர் சொல்வதுபோல் அரிப்புக்குப் பங்கே இல்லை என்பதும் மிகை. இமயமலையின் மேற்கு மூலையில், சிந்து நதி வளைந்துபோகும் நங்க பர்பத் மலையில், நிலத்துக்கடியில் ஆழத்தில் உருவாகிச் சுமார் 10 லட்சம் ஆண்டு வயதே ஆன கிரானைட் (குழந்தைப் பாறை!) இன்று வெளியே தெரிகிறது, அதன்மேல் கிடந்த பாறையைச் சுரண்டிக்கொண்டு போனது ஆறும் பனியாறும் இல்லாமல் வேறு எது?