டொக்கம்வால்: நான்கு இடங்களில் கிடக்கும் ஒரு விமானத் தளம்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் வடபகுதியில் ஓ'கானர் என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு முதல்முறை போனபோது, அந்தத் தெருவில் வரிசையாக நின்ற மரப்பலகை வீடுகள் பலவும் ஒரே கையால் கட்டப்பட்டவைபோல இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். "இவையெல்லாம் டொக்கம்வால் வீடுகள். போர்க்காலத்தில் விமானப்படைக்காக வேறோர் ஊரில் கட்டியவை. போர் முடிந்ததும் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார்கள்" என்றார். வீட்டைக் கட்டிப்பார் என்று நம் ஊரில் சொல்வார்கள். கட்டிய வீட்டைப் பெயர்த்துப் பார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்குத் தொடங்கிய ஆர்வம் என்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்ட வைத்தது. பார்த்துவிட்டு வந்தபிறகு, போர்க்கால விமானத் தளம் ஒன்றின் வரலாற்றைப் பாதுகாப்பது என்றால் எதைப் பாதுகாப்பது என்பதைப் பற்றி எனக்குத் திட்டமான ஒரு கருத்து ஏற்பட்டிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டொக்கம்வால், மரே ஆற்றின் வடகரையில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு விளிம்பில் உள்ள சிற்றூர். ஆற்றைக் கடந்தால் விக்டோரியா. ஊருக்குள் நுழைபவர்களை வரவேற்பது ஒரு பிரம்மாண்டமான மரே காட் மீனின் சிலை. குண்டுவீச்சு விமானங்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், விடை ரயில் தண்டவாளத்தில் இருக்கிறது. விக்டோரியாவின் அகலப் பாதை 1,600 மில்லிமீட்டர். நியூ சவுத் வேல்ஸின் பாதை 1,435 மில்லிமீட்டர். இரண்டும் அன்றைக்குச் சந்தித்த எல்லை நிலையங்களில் டொக்கம்வாலும் ஒன்று. இரு மாநிலங்களின் பிடிவாதத்தால் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்த இடம் அது. ஆனால் கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, சமவெளியில், இரு மாநில ரயில்களும் வந்து நிற்கும் ஓர் ஊர் என்பது 1942-ஆம் ஆண்டு ராணுவத் திட்டமிடுவோருக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாள் கழித்து ஜப்பானிய விமானங்கள் டார்வினைத் தாக்கின. அந்தப் பதற்றமான வாரங்களில்தான் டொக்கம்வாலில் கோதுமை விளைந்த நிலத்தையும் ஆடு மேய்ந்த நிலத்தையும் எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கான தளத்தைக் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 2,700 தொழிலாளர்கள் ஏறத்தாழ 16 வாரங்களில் ஓடுபாதைகள், சாலைகள், ஹேங்கர்கள் எனப்படும் விமானக் கொட்டகைகள், குடியிருப்புகள் என ஒரு முழு நகரத்தையே எழுப்பினார்கள். மெக்கின்டயர் ஃபீல்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தென் அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய விமானத் தளம் என்று அது பேசப்பட்டது. ஆனால் கட்டி முடிப்பதற்குள் போர் வடக்கே நகர்ந்துவிட்டது. பவளக் கடலிலும் மிட்வேயிலும் நடந்த சண்டைகளுக்குப் பிறகு அமெரிக்கர்களின் கவனம் நியூ கினிப் பக்கம் திரும்பியது. 1942 முடிவதற்குள் தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் கைக்கு வந்துவிட்டது.

நான் பார்த்த வீடுகளின் கதை இந்தக் கட்டுமானத்தின் ஒரு பகுதிதான். வானிலிருந்து பார்க்கும் எதிரிக்குப் படைமுகாம் என்று தெரியாமல், சாதாரண ஊர் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக, வரிசைக் கொட்டகைகளுக்குப் பதிலாகத் தெருக்களும் வீடுகளுமாக அந்தக் குடியிருப்பை அமைத்தார்கள். குடும்பம் நடத்துவதற்காக அல்லாமல், படைவீரர்கள் படுத்து உறங்குவதற்காகக் கட்டிய வீடுகள் அவை. போருக்குப் பின் தலைநகரில் அரசு ஊழியர்களுக்கு வீடு கிடைக்காமல் திண்டாட்டம் ஏற்பட்டபோது, அவற்றில் ஏறத்தாழ 200 வீடுகளைத் துண்டு துண்டாக அறுத்துக் கான்பெராவுக்குக் கொண்டு வந்தார்கள். எதிரியை ஏமாற்றப் போட்ட வேடம், கடைசியில் உண்மையாகவே ஊராகிவிட்டது. இன்று அந்தத் தெருக்கள் கான்பெராவின் மரபுடைமைப் பட்டியலில் இருக்கின்றன.

தளத்தின் உச்சக்கட்டம் 1944-இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் 7-ஆம் செயற்பாட்டுப் பயிற்சிப் பிரிவு அங்கே தொடங்கப்பட்டது. நான்கு எஞ்சின் கொண்ட பி-24 லிபரேட்டர் விமானத்தை ஆஸ்திரேலியர்கள் ஓட்டப் பழகிய இடம் அதுதான். 33 மீட்டருக்கு மேல் இறக்கை விரிந்த அந்த விமானத்தை ஒரு விமானியால் மட்டும் இயக்க முடியாது. வழிகாட்டி, வானொலி இயக்குநர், குண்டு குறிபார்ப்பவர், துப்பாக்கி வீரர்கள் என ஏறத்தாழ பதினோரு பேர் ஒரே உடம்பின் உறுப்புகளைப்போல இயங்க வேண்டும். முன்பின் அறியாத இளைஞர்களை அப்படி ஒரு குழுவாக்குவதுதான் டொக்கம்வாலின் வேலை. போர் முடிவதற்குள் ஆஸ்திரேலிய விமானப்படை பெற்ற லிபரேட்டர்கள் மொத்தம் 287.

அந்த விமானங்களைப் பறக்க வைத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதை நினைவுத் தகடுகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. 1941-இல் தொடங்கப்பட்ட பெண்கள் துணை விமானப்படையில் நாடு முழுவதும் சுமார் 27,000 பேர் பணியாற்றினார்கள். எஞ்சின் பழுது பார்ப்பதும், பாராசூட் மடிப்பதும், செய்தி அனுப்புவதும் அவர்கள் செய்த வேலைகளில் சில. பாராசூட்டைத் தவறாக மடித்தால் மேலே ஒருவன் சாவான் என்று தெரிந்தே நாள் முழுவதும் அதை மடித்துக்கொண்டிருப்பது எத்தகைய வேலை என்று யோசித்துப் பாருங்கள். குண்டுவீச்சு விமானத் தளத்தின் வரலாறு என்றால் விமானி அறையிலிருந்து மட்டும் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது.

போர் முடிந்தது. வேண்டாத விமானங்களை நாலாபுறமிருந்தும் கொண்டுவந்து டொக்கம்வாலில் நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் வயல்வெளியில் வரிசையாக நின்று வெயில் காய்ந்தன. பிறகு அவற்றை வெட்டி, உலையில் உருக்கி, அலுமினியக் கட்டிகளாக்கினார்கள். ஆஸ்திரேலிய விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நிலை அட்டை உண்டு. எப்போது வந்தது, எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது சேதமுற்றது என்பதெல்லாம் அதில் சுருக்கெழுத்தில் இருக்கும். அந்த அட்டைகளின் கடைசி வரிகளை வாசித்தால், வீரமாக விழுந்தவற்றைவிட விற்கப்பட்டு உடைக்கப்பட்டவையே கண்ணில் அதிகம் படுகின்றன. அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய ஒரு தலைமுறை, அந்த உலோகத்தைப் பார்க்கவும் விரும்பாமல் இருந்திருக்கலாம். சமையல் பாத்திரத்துக்கு அலுமினியம் தேவைப்பட்ட காலமும்கூட.

அத்தனை லிபரேட்டர்களில் உடற்பகுதி தப்பிய ஒன்றின் எண் ஏ72-176. டொக்கம்வாலின் பயிற்சிப் பிரிவில் பறந்த விமானம் அது. போருக்குப் பின் அதன் உடற்பகுதியை ஒருவர் வாங்கி, விக்டோரியாவின் மோவி என்ற ஊரில் தம் வீட்டு வளவில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார். பிறகு அதே மாநிலத்தின் வெரிபியில் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் கூடி, பப்புவா நியூ கினியில் விழுந்து கிடந்த ஓர் அமெரிக்க லிபரேட்டரின் இறக்கைகளைக் கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து அதை மீண்டும் முழு உருவாக்கினார்கள். அந்த உழைப்பின் முன் தலை வணங்குகிறேன்.

டொக்கம்வாலில் நான் பார்த்தது இன்றும் சிறு விமானங்கள் இயங்கும் ஓர் ஓடுபாதை, புல்லுக்குள் மறைந்து மறைந்து தெரியும் கான்கிரீட் தளங்கள், மலைபோல் எழுந்து நிற்கும் ஹேங்கர், உள்ளூர் ஆர்வலர்கள் நடத்தும் சிறிய அருங்காட்சியகம். வீடு கான்பெராவில், விமானம் விக்டோரியாவில், நிலம் டொக்கம்வாலில். அன்றாட நிகழ்வுகளை எழுதிய ஏ50 படிவங்களும் அந்த நிலை அட்டைகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீடுகளைக் காப்பது தலைநகர்ப் பிரதேசத்தின் சட்டம், நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது நியூ சவுத் வேல்ஸின் சட்டமும் பெரிகன் உள்ளூராட்சியும், விமானம் இருப்பது விக்டோரியாவில், ஆவணங்கள் கூட்டாட்சி அரசிடம். அன்றைக்குத் தண்டவாளம் எல்லையில் முறிந்ததுபோல இன்றைக்கு வரலாறும் எல்லையில் முறிகிறது; மூட்டையை இறக்கி ஏற்ற ஆள்தான் இல்லை.

ஆகவே, புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, போலி லிபரேட்டர் ஒன்றைத் தூணில் குத்தி நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. கான்பெராவில் குடும்பங்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட வீடுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை; அந்தக் குடும்பங்களின் வாழ்க்கையும் இப்போது அந்த வீடுகளின் வரலாறுதான். முதலில் வேண்டியது ஒரு வரைபடம். இந்தத் தளத்தில் எது எங்கே இருந்தது, இப்போது எங்கே போயிற்று, எது உருகிப்போயிற்று என்று, மாநில எல்லை பாராமல், பொருள் பொருளாகக் காட்டும் வரைபடம். அடுத்தது, எஞ்சியிருக்கும் தரை. வெறும் கான்கிரீட் பலகை என்று நினைத்து ஒரு பொக்லைன் அதை ஒரே முற்பகலில் பெயர்த்துவிடும். அந்தப் பலகையும், வடிகாலும், விமானங்கள் நகர்ந்த பாதையின் வளைவும்தான் இந்த இடத்தின் அளவை நம் கால்களுக்குப் புரியவைப்பவை. ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு வெயிலில் நடந்து பார்த்தபோது எனக்கு விளங்கியது, புகைப்படத்தில் விளங்கவில்லை.

வடக்கே நிலைமை வேறு. டார்வினுக்குத் தெற்கே உள்ள ஃபென்டன் தளத்தில் இருந்த அமெரிக்காவின் 380-ஆவது குண்டுவீச்சுப் பிரிவு 1943-இல் போர்னியோவின் பாலிக்பாப்பன் எண்ணெய் ஆலைகள்வரை பறந்து திரும்பியது. மேற்கு ஆஸ்திரேலியாவில், பில்பாராவின் மார்பிள் பார் அருகே உள்ள கொரன்னா டவுன்ஸ் தளம் ரகசியமாகவே கட்டப்பட்டு, ஜப்பானியர் கண்ணில் படாமலே போரை முடித்தது. அவற்றை இதுவரை பெரிதும் காத்தது தொலைவும் வெயிலும்தான். ஆற்றங்கரையில், சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் ஊரில், வீட்டுமனைக்கு விலை இருக்கும் டொக்கம்வாலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு செய்திகளைச் சொல்லாத எந்த வரைபடமும் குறையுள்ளது என்பேன். ஒன்று, இந்த நிலம் கோதுமை வயலாவதற்கு முன் யோர்டா யோர்டா, பங்கராங் என்ற பழங்குடி மக்களின் நிலம். ஊரின் பெயரே அவர்கள் மொழியிலிருந்து, ஆற்றின் ஆழமான மடுவைக் குறித்து வந்தது என்கிறார்கள். 1942-இல் தொடங்கும் காலவரிசை அதை மறைத்துவிடுகிறது. மற்றது, இங்கே பயிற்சி பெற்றவர்களின் வேலை குண்டு வீசுவது. அவர்களில் பலர் திரும்பவில்லை. 1945 ஏப்ரல் 6 அன்று ஜப்பானியப் போர்க்கப்பல் இசுசுவைத் தாக்கப் போன ஆஸ்திரேலிய லிபரேட்டர்களில் இரண்டு சுட்டு வீழ்த்தப்பட்டன. அவர்கள் பறந்துபோன இன்றைய இந்தோனேசியத் தீவுகளில், கீழேயும் மனிதர்கள் இருந்தார்கள். இரண்டையும் ஒரே பலகையில் எழுதுவதால் மாண்டவர்களின் பெருமை குறைந்துவிடாது.

1945-இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று வயது நூறை ஒட்டி இருக்கும். அவர்கள் குரலைப் பதிவு செய்யும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது அவர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டிகள். எந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம்; அவர்களுக்கும் எழுபது, எண்பது வயதாகிறது. நண்பரிடம் நான் கேட்டுக்கொண்டதும் சிறிய உதவிதான்: தன் வீட்டுக்காரரிடம் பேசி, உட்கூரையில் ஏறி, அறுத்த துண்டுகளை மறுபடி பொருத்துவதற்காகத் தச்சர்கள் மரத்தில் எண் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை ஏணியோடு வரச் சொல்லியிருக்கிறார்.