பளபளன்னு இருந்தா காத்து ஓடிருமா?

இன்ஜினுக்குக் காத்தைக் கொண்டு போற குழாய்த் தொகுதிதான் இன்டேக் மேனிஃபோல்டு. என் காரோடதை அரைக்கச் சொல்லி ஒரு ட்யூனிங் கடையில குடுத்தேன். அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல உக்கார்ற கேஸ்கெட்டைக் கையில குடுத்து, எது வரைக்கும் அரைக்கணும்னு மார்க்கர்ல கோடும் போட்டுக் குடுத்த வேலையை அப்படியே செய்யறதுல என்னங்க கஷ்டம்?

வண்டி மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். இன்டேக் மேனிஃபோல்டு அலுமினிய வார்ப்பு. வார்ப்புல வர்றதால அதோட வாயும் ஹெட் போர்ட்டோட (இன்ஜின் மேல்பாகத்துல காத்து நுழையற துளை) வாயும் அச்சா ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அந்த விளிம்புல காத்து இடிச்சுச் சுழலும். ஒரு இஞ்ச் ஆழத்துக்கு மட்டும் அரைச்சு ரெண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டு வாங்கன்னு கேட்டேன். கேட்டது அவ்வளவுதான்.

"தம்பி, உள்ள பாருங்க, கண்ணாடி மாதிரி பண்ணிட்டேன்"னு கடைக்காரர் பெருமையாத் திருப்பித் தர்றாரு. மேனிஃபோல்டோட நாலு ரன்னரும் (சிலிண்டருக்கு ஒண்ணா போற குழாய்) பஃபிங் போட்டு முகம் பாக்கற அளவுக்கு மினுங்குது. யாருங்க கேட்டது? இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற இடத்துல கொஞ்சம் சொரசொரப்பு இருக்கணும். வழவழன்னு ஆக்கிட்டா பெட்ரோல் சுவர்ல படலமாத் தேங்கி, சரியாக் கலக்காம உள்ள போகும். கண்ணுக்கு அழகா இருக்கறதுக்கும் காத்து நல்லா ஓடறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கேஸ்கெட்டை வெச்சுப் பாத்தப்பதான் வயிறு எரிஞ்சுது. மேனிஃபோல்டு வாய் கேஸ்கெட் ஓட்டையைத் தாண்டி சுத்தியும் பெருசாகியிருக்கு. மேனிஃபோல்டு கொஞ்சம் சின்னதா இருந்து ஹெட் பெருசா இருந்தாக்கூடப் பெரிய கேடு இல்ல. இங்க தலைகீழ். வேகமா வர்ற காத்துக்கு எதிர்ல ஹெட்டோட விளிம்பு மதில் சுவர் மாதிரி நிக்குது. எந்தத் தடையை எடுக்கச் சொன்னேனோ அதையே பெருசாக்கிக் குடுத்திருக்காங்க. உரசுன அலுமினியத்தை இனி அவ்வளவு சுலபமாத் திரும்ப ஒட்ட வெக்க முடியாது.

பாதை அகலமானா காத்து நிறையப் போகும்னு ஒரே பேச்சு. 6000 ஆர்பிஎம்ல, அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்தறப்ப, ஒரு சிலிண்டர் செகண்டுக்கு 50 தடவை மூச்சு இழுக்குது. ஒவ்வொரு இழுப்புக்கும் பிஸ்டன் கீழ இறங்கற நேரம் 5 மில்லி செகண்ட். அதுக்குள்ள சிலிண்டர் நிறையணும்னா காத்துக்கு வேகம் வேணும். குழாயை அகலமாக்குனா அந்த வேகம்தான் முதல்ல போகும். 2000 ஆர்பிஎம்ல, அதாவது நாம தினமும் சிக்னல்ல வண்டி எடுக்கற இடத்துல, டார்க் (இழுவை) செத்துப்போகும். என் வண்டி இப்ப காந்திபுரம் மேம்பாலம் ஏற ரெண்டாவது கியர் கேக்குது.

அதோட முடிஞ்சுதா? கேஸ்கெட் உக்கார்ற முகத்துல கிரைண்டர் வழுக்குன கீறல். அது வழியாக் காத்து கசியுது. ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது. மேனிஃபோல்டு ஜாயின்ட்ல கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சாப் போதும், அது கீறல் வழியா உள்ள போய் ஆர்பிஎம் மாறுது. இதைக் காட்டுனா, "இசியூ செட் ஆகட்டும் தம்பி, ஓட்ட ஓட்டச் சரியாயிரும்"னு இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர் மேல பழியைப் போடறாரு. கீறல் ஓட்ட ஓட்ட ஆறுமா? அது உலோகங்க!

கூடவே ஒரு கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) போடுங்க, பிக்கப் எகிறும்னு அடுத்த யோசனை. அதையும் ரேடியேட்டர் பக்கத்துல திறந்தபடி. வெளிய 38 டிகிரி, பானட்டுக்குள்ள 65 டிகிரின்னு வெச்சுக்கங்க. காத்தோட அடர்த்தி 8 சதவீதம் குறையும். சத்தம் மட்டும் ஜோரா வரும். அந்தச் சத்தத்தைத்தான் பவர்னு விக்கறாங்க. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பவரை அளந்து காட்டற டைனோ ஷீட் கேட்டா நம்மளைத்தான் ஏற இறங்கப் பாக்கறாங்க.

இது நடக்கறது கோயம்புத்தூர்ல. மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டுன கரிவரதன் ஊர்ல. செட்டிப்பாளையம் ட்ராக்குக்கே அவர் பேருதான். பவுண்டரியும் லேத்துமா இருக்கற இந்த ஊர்ல வெர்னியர் அளவுகோல் பிடிச்சு ஒரு அளவு பாத்து அரைக்க ஆள் இல்லைன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? ஆள் இருக்காங்க. போர்டுல ட்யூனிங்னு எழுதி வெச்சவங்களுக்கு அளக்கற பொறுமைதான் இல்ல.

கூலியைக் கூடத் திருப்பித் தர வேண்டாம். எஸ்டீம் தயாரிப்பு நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு, புது மேனிஃபோல்டுக்கு நான் எங்க போவேன்? சென்னை புதுப்பேட்டைல பழைய ஸ்பேர் விக்கறவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன், இன்னும் ஒண்ணும் சிக்கல. யார்கிட்டயாவது கிரைண்டர் படாத பீஸ் ஒண்ணு கிடந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்.