கஞ்சி வரிசைக்குக் கலர் பூசியவர்களுக்கு

பழைய பத்திரிகைப் படம் ஒன்றுக்கு ஏஐ வைத்துக் கலர் பூசி ஒரு சமூக வலைத்தளப் பக்கம் போட்டிருக்கிறதே, நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற அந்தப் படத்தைப் பற்றித்தான். பார்த்துவிட்டேன். போதும், இனி அனுப்பாதீர்கள்.

“பொற்காலச் சேலம்! அன்றைய மக்களின் ஒழுக்கத்தைப் பாருங்கள்” என்று போட்டு நாலாயிரம் லைக். பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், கையில் பாத்திரம். ஒருத்திக்கு ரோஸ் கலர் சேலை, இன்னொருத்திக்குக் கிளிப்பச்சை. மூலையில் பக்கத்தின் முத்திரை. இதே படத்தைப் பழுப்பேறிய பத்திரிகைத் துண்டாக மூன்று வருடத்துக்கு முன் நான் இங்கே போட்டபோது அடியில் ஒரு வரி இருந்தது: கஞ்சித் தொட்டி முன் நெசவாளர் குடும்பங்கள். கஞ்சித் தொட்டி என்றால் இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கஞ்சி ஊற்றும் இடம். அந்த வரியை மட்டும் கச்சிதமாக வெட்டியிருக்கிறார்கள்.

ஐயா, அது ஒழுக்கம் இல்லை. பசி.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது நூலுக்குக் கண்ட்ரோல். 1952 வாக்கில் நெய்த துணி போணியாகாமல் தேங்கியது. ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, முதலமைச்சரான பிறகு, சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி டெல்லியிடம் கேட்டார். 1953-இல் தி.மு.க.காரர்கள் கைத்தறித் துணியைச் சுமந்து தெருவில் விற்றார்கள். பொற்காலமாம்!

எங்கள் ஆயாவுக்கு அம்மாப்பேட்டை. தாத்தா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில் இருப்பார், ஆயா தறிக்கு நூல் தார் சுற்றும். தறி நின்ற மாதங்களில் விடியுமுன்னே போய் வரிசையில் நிற்குமாம், கஞ்சி வாங்கும் போணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. எண்பது வயதிலும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று. படத்தில் மூன்றாவதாக நிற்கும் அம்மாவும் அப்படித்தான் மறைத்துப் பிடித்திருந்தார். கலர் போட்ட படத்தில் அது கைப்பையாகிவிட்டது. சிவப்புக் கைப்பை.

“கலர் போட்டால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்” என்பீர்கள். சரி, போடுங்கள், நான் கலருக்கு எதிரி இல்லை. (எதிரிதான்.) பழைய பத்திரிகைப் படம் என்பது வெறும் மைப் புள்ளிகள். தூரத்தில் நிற்கிறவர் முகத்துக்குப் பத்து இருபது புள்ளி இருந்தால் அதிகம். அதிலிருந்து மூக்கும் முழியும் எப்படி வந்தது? ஏஐ தானாக வரைந்தது. அதுவும் சிரித்த முகமாக!

“படம் என்ன உன் சொத்தா?” இல்லை. எடுத்தவர் பெயரையே பத்திரிகை போடவில்லை, பாவம். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்ததற்கு மிச்சம் அந்த ஒரு வரிதான். அதையாவது விட்டுவைத்திருக்கலாம் என்கிறேன்.

“ஒரு படத்துக்கு இவ்வளவா?” ஆமாம், இவ்வளவுதான்.

மரியாதையாகத்தான் நாலு வரி எழுதினேன். கமெண்டை அழித்துவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவும் ஏற்காடு ஏரியும் இருந்தால் போதும் இவர்களுக்கு, சேலம் முடிந்தது. தறிக்குழிக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆயா இருந்திருந்தால் இந்தக் கலர் படத்தைக் காட்டியிருப்பேனா என்று ராத்திரி யோசித்தேன். காட்டியிருக்க மாட்டேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “பை வெச்சிருக்கறது யாரு சாமி?” என்று கேட்டிருக்கும்.