யூரியா கூடினால் கடலையில் எண்ணெய் கூடுமா?

"நிலக்கடலைக்கு யூரியாவை இரட்டிப்பாகப் போடுங்கள், எண்ணெய் தானாக ஏறும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

யூரியாவில் இருப்பது 46% தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும். கடலையின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்தே பெருமளவு தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. யூரியா மிதமிஞ்சினால் முடிச்சுகள் குறையும், செடி தழைத்துக்கொண்டே போகும். பச்சைப்பசேலென்ற வயலைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பொதுவாக எண்ணெய் வித்துகளில் தழைச்சத்து மிகுந்தால் புரதம் கூடும், எண்ணெய் சதவீதம் இறங்கும். வெப்பமான இடங்களில் மண்ணின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகியும் போய்விடும்.

சரி, எண்ணெய்க்கு எது உதவும்? கந்தகம். கடலைக்கு அதோடு சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) வேண்டும். வளரும் காய் அதை வேர் வழியாக அல்லாமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகிறது. இவ்விரண்டும் கொண்ட கனிமமான ஜிப்சத்தில், தூயதாக இருந்தால், சுமார் 23% கால்சியம், 18% கந்தகம். அதனால்தான் பூக்கும் பருவத்தில், விழுதுகள் (பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்புகள்) இறங்கும் இடத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள்.

அதற்காக எள், சூரியகாந்திக்கு யூரியாவை நிறுத்திவிடாதீர்கள். அவற்றுக்கு வேர் முடிச்சு கிடையாது. மண் பரிசோதனை சொல்லும் அளவு தேவை.