பகுகுணாவை மறந்துவிட்டீர்களா?
நீதிபதியாக இருந்தவர்களுக்கு ஆளுநர், ஆணையம் மாதிரி நியமனப் பதவிதான் சரிப்படும், ஓட்டு கேட்டு ஜெயிக்க வராது என்று உங்கள் கட்டுரை அடித்துச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விஜய் பகுகுணா அலகாபாத், பம்பாய் உயர் நீதிமன்றங்களில் நீதிபதியாக இருந்தவர். 1995-ல் ராஜினாமா செய்தார். தெஹ்ரி இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனது 2007-ல்தான். 2012 மார்ச்சில் உத்தராகண்ட் முதல்வரானபோது அவர் எம்எல்ஏகூட இல்லை. எம்எல்ஏ ஆக வேண்டிய ஆறு மாதக் கெடுவுக்குள் சிதார்கஞ்ச் தொகுதியில் நின்று ஜெயித்தார். அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தவர் எதிர்க்கட்சி எம்எல்ஏ! (அப்பா ஹேமவதி நந்தன் பகுகுணா உத்தரப் பிரதேச முதல்வராக இருந்தவர், அந்தப் பெயரும் கைகொடுத்திருக்கும், மறுக்கவில்லை.) மேலே கருத்து எழுதிய ஒருவர் 'நீதிபதியாக இருந்தவர் தேர்தலில் நிற்கச் சட்டத்திலேயே தடை இருக்கிறது' என்கிறார். இல்லை. அரசியலமைப்பின் 220-வது பிரிவு உயர் நீதிமன்ற நீதிபதி பிறகு எங்கே வக்கீல் தொழில் செய்யக்கூடாது என்பதைத்தான் சொல்கிறது, தேர்தலைப் பற்றிப் பேசவே இல்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் பென்ஷன் நின்றுபோனதைச் சொன்னார். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மனுவாக எழுதிக் கொடுங்கம்மா, பரிசீலிக்கிறேன்" என்றார். கூட வந்த கட்சிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.