பனி மட்டுமல்ல, இரையும்தான்

பென்குயின்களின் அழிவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், உருகும் பனிக்கட்டியின் மேல் தனியாக நிற்கும் ஒரு பறவையின் படத்தையே எல்லோரும் பகிர்கிறோம். நானும் பகிர்ந்திருக்கிறேன். அந்தப் படம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

அண்டார்டிக் தீபகற்பத்தில் அடெலி பென்குயின்கள் கடற்பனியைச் சார்ந்து வாழ்பவை. சின்ஸ்ட்ராப் பென்குயின்களோ பனி இல்லாத நீரையே நாடுபவை. பனி குறைந்ததுதான் சிக்கல் என்றால் சின்ஸ்ட்ராப் பெருகியிருக்க வேண்டும். ஆனால் அங்கே பல இடங்களில் இரண்டுமே குறைந்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானது, கூனி இறாலைப் போன்ற கிரில்லை நம்பிய வாழ்க்கை. அதே கடலில் கிரில்லோடு மீனையும் கணவாயையும் தின்னும் ஜென்டூ பென்குயின்கள் பெருகித் தெற்கு நோக்கிப் பரவுகின்றன.

எந்த இரையைத் தின்பது என்ற இந்தத் தேர்வை ருசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இனிப்பு, கசப்பு, உமாமி (இறைச்சி, மீன் போன்றவற்றில் உள்ள சுவை) ஆகிய சுவைகளை உணரும் மரபணுக்கள் பென்குயின்களிடம் செயலிழந்துவிட்டன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வழுக்கும் இரை நழுவிவிடாதபடி உள்நோக்கி வளைந்த முட்கள் நிறைந்தது அவற்றின் நாக்கு. பிடித்ததை அப்படியே விழுங்குவதுதான் வழக்கம்.

விழுங்கியது உடனே செரித்தாக வேண்டும் என்பதுமில்லை. அடைகாக்கும் ஆண் ராஜ பென்குயின், கடலுக்குப் போன துணை திரும்பத் தாமதமானால் குஞ்சுக்கு ஊட்டுவதற்காக, வயிற்றிலுள்ள மீனை மூன்று வாரம் வரைகூடச் செரிக்காமல் காத்து வைத்திருக்கும். இரை எவ்வளவு தொலைவில் கிடைக்கிறது என்பது ஓர் உடலையே இப்படி வடித்திருக்கிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, பனியோடு தொடர்பே இல்லாத ஆப்பிரிக்கப் பென்குயினின் நிலை. நமீபியக் கடலில் மத்தி அளவுமீறிப் பிடிக்கப்பட்டு அழிந்தபின், இப்பறவைகள் உடலுக்குக் குறைந்த ஆற்றலே தரும் உளுவை மீனுக்கு மாற வேண்டியதாயிற்று. வயிறு நிறைந்தும் குஞ்சு தேறவில்லை. தென்னாப்பிரிக்காவில் மத்தியும் நெத்திலியும் கிழக்கே நகர்ந்துவிட்டன. ஆனால் முதன்முறை கடலிறங்கும் இளம் பறவைகள், குளிர்ந்த, நுண்பாசி செழித்த நீர் இருந்தால் மீனும் இருக்கும் என்ற பழைய அடையாளத்தை நம்பி, மீன் அருகிப்போன நீருக்கே இன்றும் போகின்றன.

2024இல் இவ்வினம் மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. இனப்பெருக்கம் செய்யும் இணைகள் 10,000க்கும் குறைவு. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, 2025இல்தான் ஆறு முக்கிய வாழிடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலி மீன்பிடிப்புக்குப் பத்தாண்டுக் கட்டுப்பாடு உறுதியானது. இது மிகத் தாமதம் என்பதே என் கருத்து. வலை வீசாததால் மட்டும் மத்தி மேற்கே திரும்பிவிடாது. ஆனாலும் குஞ்சை விட்டு நெடுந்தூரம் போக முடியாத பறவைக்கு, எஞ்சியிருக்கும் மீனாவது அருகில் மிஞ்சும்.