ஊர்வாயும் ஏலச் சீட்டும்

புறணி பேசுவது பாவம் என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதே வீட்டில் பெண்ணுக்கு வரன் வந்தால், நாலு தெரு தள்ளிப் போய் "பையன் எப்படி, பழக்கவழக்கம் எப்படி" என்று விசாரிக்காமல் தட்டு மாற்ற மாட்டோம். இரண்டும் ஒரே காரியம்தான். ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவது. அதனால் "யாரைப் பற்றியும் பேசாதே" என்கிற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைச் சொல்பவர்கள்கூடக் கடைப்பிடிப்பதில்லை. எதை, யாரிடம், எதுவரை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தெருவில் நடக்கும் ஏலச் சீட்டைப் பார்த்தால் போதும். அங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் பணக் கணக்கு உண்டு.

மாதா மாதம் சேரும் பணத்தை ஏலம் விடுவார்கள், அதிகம் தள்ளுபடி விட்டுக்கொடுப்பவர் அதை எடுத்துக்கொள்வார். 20 பேர், மாதம் 5,000, 20 மாதம். சீட்டுத் தொகை 1,00,000. மூன்றாம் மாத ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000-ல் 5,000 சீட்டு நடத்துபவரின் கமிஷன். மீதி 20,000-ஐப் பிரித்தால் தலைக்கு 1,000 கழிவு, ஆக அந்த மாதம் ஆளுக்கு 4,000 கட்டினால் போதும். எடுத்தவர் இன்னும் 17 தவணை கட்ட வேண்டும். ஆறாம் மாதம் அவர் கையை விரித்துவிட்டால் 15 தவணை நிற்கும். தவணைக்கு 4,000 என்று குறைத்துப் போட்டாலே 60,000 பள்ளம். அதை நடத்துபவர் தன் நகையை வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டே உடையும்.

பதிவு செய்த கம்பெனி என்றால் 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டம், ஜாமீன்தாரர், சம்பளச் சான்று எல்லாம் இருக்கும். கமிஷனுக்கும் வரம்பு உண்டு, 2019 திருத்தத்தில் அதை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார்கள். பூக்கட்டும் அக்காவும் ஆட்டோ ஓட்டும் அண்ணனும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரும் சேர்ந்து போடும் சீட்டில் இதெல்லாம் கிடையாது. பதிவில்லாமல் நடத்துவது சட்டப்படி தப்பு. நடக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று பார்த்து சிபில் நிறுவனம் 300-லிருந்து 900 வரை மார்க் போடுகிறது. கைச்சம்பளம் வாங்கிக் கைச்செலவு செய்பவர்களில் பலர் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அப்போது சீட்டில் யாரைச் சேர்ப்பது, முதல் நாலு மாதத்துக்குள் யார் எடுக்க வந்தால் யோசிப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்? ஊர்வாயை வைத்துத்தான்.

அந்த ஊர்வாயிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை உண்டு. மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் பற்று நோட்டு தெரியும். மாதம் பிறந்ததும் முழுப் பற்றையும் தீர்த்த வீடு, "பாதி வெச்சுக்குங்க அண்ணாச்சி" என்று சொல்ல ஆரம்பித்த மாதம் எது என்பது அவருக்குத் தேதியோடு தெரியும். பால்காரருக்கு ஒரு லிட்டர் அரை லிட்டர் ஆனது தெரியும். வீட்டுக்காரம்மாவுக்கு வாடகை எத்தனை நாள் தள்ளி வருகிறது என்பது தெரியும். அயர்ன் வண்டிக்காரருக்கு வேலைக்குப் போகும் சட்டை வாரத்துக்கு எத்தனை வருகிறது என்பது தெரியும், அதாவது வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பது. கழுத்தில் சங்கிலி போய் மஞ்சள் கயிறு வந்ததைப் பக்கத்து வீடு பார்த்திருக்கும்.

இவ்வளவும் தகவல். இதில் தப்பு எங்கே நுழைகிறது என்றால், பார்த்ததோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்போது. பால் குறைந்தது நிஜம். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனதால் குறைந்திருக்கலாம். சங்கிலி அடகில் இருப்பது நிஜம். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்துத் தீபாவளிக்கு மீட்பது பல வீடுகளில் வருடா வருடம் நடக்கிற ஏற்பாடு, அது நொடிப்பு இல்லை. "பால் அரை லிட்டர் ஆயிடுச்சு" என்பதோடு நிறுத்தினால் அது சாட்சி. "அவங்க கதை முடிஞ்சுது" என்று போனால் அது தீர்ப்பு. தீர்ப்புதான் வேகமாகப் பரவும், ஏனென்றால் அதைச் சொல்பவருக்கு ஊர் விவகாரம் தெரிந்தவர் என்கிற மரியாதை கிடைக்கிறது.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரியது. மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் மூன்று சாட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். மூவரும் ஒரே ஆளிடம் கேட்டிருப்பார்கள். வாய் மூன்று, கண் ஒன்று. அனுபவப்பட்ட சீட்டுக்காரம்மா இரண்டு கேள்வி கேட்பார்: "நீங்க பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?", "எப்போ?" மற்றவர்கள் யாரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. ஊர்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது. ஐந்து வருடம் முன்னால் தவணை தவறியவர் இன்றைக்கும் "அவன் சீட்டைத் தூக்கிட்டு ஓடுனவன்"தான். அவர் மறுவருடமே கூலிவேலை பார்த்து முழுவதையும் கட்டித் தீர்த்திருப்பார். கட்டித் தீர்த்தது பேச்சாவதில்லை, அதில் சுவை இல்லை.

இப்போது நியாயத்துக்கு வருவோம். "உண்மையாக இருந்தால் சொல்லலாம்" என்பதுதான் பெரும்பாலோர் வைத்திருக்கும் அளவுகோல். எனக்கு அது போதாது. சட்டத்துக்கும் போதவில்லை. அவதூறு பற்றிய பிரிவில் (இந்திய தண்டனைச் சட்டம் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356) உண்மை என்பது மட்டும் தப்பிக்க வழியில்லை, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். அதே பிரிவின் விதிவிலக்குகளில் 1860-லேயே ஓர் உதாரணம் எழுதி வைத்தார்கள். ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம், "அந்த ஆளுக்கு ரொக்கம் வாங்காமல் எதையும் விற்காதே, அவன் நேர்மையில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறார். தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை. அடுத்த விதிவிலக்கு, கேட்பவரின் நன்மைக்காகச் செய்யும் எச்சரிக்கை. நம் அண்ணாச்சியும் சீட்டுக்காரம்மாவும் பேசுவது அப்படியே அதில் இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது. கேட்பவருக்கு அந்தத் தகவலை வைத்து எடுக்க வேண்டிய முடிவு ஏதாவது இருக்கிறதா? சீட்டு நடத்துபவருக்கு இருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவருக்கு இருக்கிறது. அதே பற்று நோட்டுக் கணக்கை அண்ணாச்சி கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னால், கேட்பவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை, ரசிப்பதைத் தவிர.

இந்த அளவுகோலில் ஓர் ஓட்டை உண்டு. "உங்க பொண்ணு யாரோ ஒரு பையன்கூட வண்டியில போறதைப் பாத்தேன்" என்று அப்பாவிடம் சொல்பவரும், அப்பாவுக்கு முடிவெடுக்கத் தேவைப்படும் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த முடிவு அப்பாவுடையது இல்லை. வயது வந்த பெண்ணின் வாழ்க்கை அவளுடையது. சாதி மாறிக் காதலித்தவர்களைச் சொந்தக் குடும்பமே வெட்டிப் போடுவது செய்தியாக வந்துகொண்டிருக்கும் மாநிலத்தில், அந்த ஒற்றை வரியைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் "நான் பாத்ததைத்தானே சொன்னேன்" என்று கைகழுவ முடியாது. ஆகவே முடிவு இருந்தால் போதாது, அது கேட்பவரின் சொந்த முடிவாக இருக்க வேண்டும்: அவர் பணம், அவர் உடம்பு, அவர் வீட்டுச் சாவி.

வரன் விசாரிப்பில் இது நேரடியாக உதவும். மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிதடியில் இறங்குபவர், ஏற்கனவே கல்யாணம் ஆனவர், தலைக்கு மேல் கடன் உள்ளவர் என்று நேரில் தெரிந்தால், கேட்டவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். "நல்ல பையன்தான்" என்று பொதுவாக மழுப்புவதும் தப்பு, அதற்கு விலை கொடுப்பவர் அந்தப் பெண். முன்பு நின்றுபோன நிச்சயதார்த்தம், கல்லூரிக் காலச் சிநேகிதம், ஒரு முறை கலைந்த கர்ப்பம் ஆகியவை சொல்லத் தேவையில்லாதவை. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் வருடச் சட்டமும் தடுக்கிறது. மருத்துவ விஷயத்தில் கவலை என்றால் இரு தரப்பும் பரிசோதனை செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம், அதற்கு எதிர்வீட்டுக்காரர் தேவையில்லை.

(பெண்கள்தான் புறணி பேசுவார்கள் என்பவர்களுக்காக ஓர் இடைச்செருகல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 467 பேரின் அன்றாடப் பேச்சுப் பதிவுகளைப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட விதமாக அடுத்தவரைப் பேசுவதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.)

பணம் கொடுப்பதற்கு முன் வரும் பேச்சு எச்சரிக்கை. கொடுத்த பிறகு, கட்ட முடியாமல் போனவரைப் பற்றி வேண்டுமென்றே கிளப்பிவிடும் பேச்சு தண்டனை. பெண்களைக் குழுவாகச் சேர்த்துச் சிறு கடன் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்களில் இதை ஒரு வசூல் முறையாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்களை எழுந்துபோக விடாமல் உட்கார வைப்பது, வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கும்படி பேசுவது. குழுவில் இருக்கும் பெண்களே தங்களில் ஒருத்தியை ஏசும்படி ஆக்கிவிட்டால் வசூல்காரருக்கு வேலை மிச்சம். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், கடன் வாங்கியவர் பெயரை வெளியிடுவதையும் அவர் உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர்களைத் தொந்தரவு செய்வதையும் தடை செய்தன. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றமும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. தெருச் சீட்டுக்கு இந்த விதிகள் எட்டுமோ இல்லையோ, நியாயம் எட்டும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தெருவில் பொய் சொன்ன ஆளைத் தெருவுக்குத் தெரியும், அடுத்த முறை அவர் பேச்சு எடுபடாது. ஃபார்வர்டு செய்தவருக்கு அந்த நஷ்டம் இல்லை. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த வயதான பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அப்போது வடமாவட்டங்கள் முழுக்க அந்த வதந்திச் செய்திகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வைத்தது. ஐந்து வாய் என்பதும் ஒரு தெருவுக்கு அதிகம்தான்.

தப்பான பேச்சைத் திருத்துவதற்கும் முறை இருக்கிறது. "அது பொய்" என்று சொன்னால் வேலைக்காகாது, கேட்பவர் மனதில் பழைய பேச்சுதான் இன்னொரு முறை பதியும். அதே அளவு குறிப்பான புதுத் தகவல் வேண்டும்: "அந்த பாக்கி பன்னெண்டாயிரத்தைப் போன வெள்ளிக்கிழமை கட்டிட்டாங்க, நானே வாங்கி நோட்டுல வரவு வெச்சேன்." யார் யாரிடம் தப்பாகச் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் மூன்று நாலு பேர்தான் இருப்பார்கள். சீட்டு நடத்துபவர் பாக்கி தீர்ந்த மாத ஏலத்திலேயே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "இவங்க கணக்கு முடிஞ்சுது" என்று பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அவர் வேறு சீட்டில் சேரக் கேட்டு "இடமில்லை" என்ற பதிலோடு திரும்பியிருப்பார். ஏன் இடமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லப் போவதில்லை.